மகரக்கட்டு

எங்கள் சின்னத் தாத்தாவுக்கு இடது கைச் சுண்டு விரல் நிமிராது. நடு மூட்டில் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. சின்ன வயதில் நான் அதை இழுத்து நிமிர்த்தப் பார்ப்பேன். சிரித்துக்கொண்டே விடுவார். "விடுடா, அது வாத்தியார் போட்ட மோதிரம். கழலாது" என்பார்.

ஒன்பது வயதில் அவரை ஒரு பாய்ஸ் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். கம்பெனியின் பேர் வேண்டாம், வாத்தியார் பேரும் வேண்டாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்காவது நல்லபடியாக இருப்பார்கள். வசனத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவியதற்காகக் கையை நீட்டச் சொல்லித் தாளம் தட்டும் கட்டையால் விழுந்த அடி அது. அன்று இரவு அதே கையோடு மேடை ஏறியிருக்கிறார். "வலி தெரியலையா தாத்தா?" என்று கேட்டால், "வரி தெரிஞ்சுச்சுடா" என்பார். இந்தப் பதிலை அவர் வாழ்நாளில் ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பல வருடம் ஆட்டினேன்.

அடி வாங்கினால்தான் கலை வருமா என்ற கேள்வியை இன்று கேட்டால் படித்தவர்கள் உடனே "அதெப்படி, அது வன்முறை" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. காரணம், அந்த அடியின் பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிலக்கோட்டையிலிருந்து அணைப்பட்டி போகிற வழியில் உள்ள ஊர்களில் மாரியம்மன் திருவிழா என்றால் ஒரு ராத்திரியாவது நாடகம் இருக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பேர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். மிருதங்கம், ஆல்ரவுண்ட், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டு வருபவர்கள். ஒத்திகை என்று ஒன்று கிடையாது. சில சமயம் முருகனும் வள்ளியும் அன்று ராத்திரி பத்து மணிக்குத்தான் முதன்முதலாக ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். விடியற்காலை நாலு மணிக்குத் தர்க்கம் உச்சத்துக்குப் போகும்போது, இவர் ஒரு பாட்டை எடுத்தால் அவர் அதற்கு எதிர்ப்பாட்டை அரை நொடி தாமதமில்லாமல் எடுப்பார். நடுவில் ஆர்மோனியத்தில் சின்னத் தாத்தா. சுருதி விலகினால் பின்பாட்டில் தாங்குவார், வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு எத்தனை நாடகம் மனப்பாடம் என்று கேட்டால் அவராலேயே எண்ணிச் சொல்ல முடியாது. அத்தனையும் பதின்மூன்று வயதுக்குள் ஏறியது.

இந்த மரபுக்கெல்லாம் தலைமையாசிரியர் என்று வணங்கப்படுபவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் மறைந்தவர். இன்றும் நாடகக்காரர்கள் அவர் படத்துக்குப் பூப்போட்டுவிட்டுத்தான் திரையைத் தூக்குகிறார்கள். 1918-ல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை வைத்தே முழு நாடகத்தையும் நடத்தும் கம்பெனி. பெரிய நடிகர்களிடம் கட்டுப்பாடு இல்லை. குடித்துவிட்டு வருவார்கள், எழுதிக் கொடுத்ததைப் பேசமாட்டார்கள், மேடையிலேயே போட்டி போடுவார்கள். சிறுவர்கள் சொன்னதைச் செய்வார்கள். பாய்ஸ் கம்பெனி என்ற ஏற்பாட்டுக்கான நியாயம் மொத்தமும் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. சொன்னதைச் செய்வார்கள்.

ஆறு வயது டி.கே. சண்முகம் அந்தச் சபைக்குள் போனார். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகம் நூறு வருடமாகச் சொல்லிவரும் செய்தி. ஒரு பெரிய மனுஷர் ராத்திரி முழுக்க விளக்கு வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் தொண்டையை மனதில் வைத்து எழுதுகிறார் என்பதை நினைத்துப் பார்க்க எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். அந்தத் தலைமுறையில் இப்படிக் கம்பெனிகளுக்குள் போனவர்களின் பட்டியலைப் பாருங்கள். டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம், எம்.ஆர். ராதா, எம்.ஜி.ஆர்., சிவாஜி. ஐம்பது வருடத் தமிழ் நடிப்பு முழுவதும் அந்தக் கொட்டகைகளில் இருந்து வந்தது. அவர்கள் எழுதியும் சொல்லியும் வைத்த நினைவுகளில் அடி சர்வசாதாரணமாக வருகிறது, சோறு வருவதைப் போல. அநேகமாக எல்லோரும் நன்றியோடுதான் சொல்கிறார்கள்.

சரி, வந்தவர்கள் சொன்னார்கள். வராதவர்கள்?

நாடகக்காரர்களிடம் ஒரு சொல் உண்டு, மகரக்கட்டு. பையன்களுக்குப் பதின்மூன்று பதினாலு வயதில் குரல் உடையும் அல்லவா, அதற்கு அவர்கள் வைத்த பேர். மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி மேல் ஸ்தாயியில் பாடுகிற பையன் கம்பெனிக்குப் பொன் மாதிரி. மகரக்கட்டு வந்துவிட்டால் அவன் ஒரே மாதத்தில் செல்லாக்காசு. சிலருக்குக் குரல் திரும்பி நன்றாக வரும். சிலருக்கு வராது. நடிப்போ முகமோ கைகொடுத்தவர்கள் தங்கினார்கள். மற்றவர்கள் திரை இழுத்தார்கள், ஜோடனைப் பெட்டி தூக்கினார்கள், அல்லது ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

சின்னத் தாத்தா அனுப்பப்பட்டவர். ரயில் சத்தம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கொடைரோடு ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு இறங்கி நிலக்கோட்டைக்கு நடந்தே வந்ததாகச் சொல்வார். பள்ளிக்கூடம் போனதில்லை. ராமாயணம் மொத்தமும் வாயில் இருக்கிறது, பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது. பிறகு எப்படியோ தத்தித் தடுமாறி ஆர்மோனியம் பிடித்துக்கொண்டு பிழைத்தார். அவருடன் இருந்த மற்ற பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒருத்தன் மில்லுக்குப் போனான், ஒருத்தன் பழனி அடிவாரத்தில் பிச்சை எடுத்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள், மிச்சம் தெரியலைப்பா என்றார்.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. விரல் மடங்கிய கதையைச் சொல்லும்போது சிரிப்பார், கதை கட்டுவார், வாத்தியார் மாதிரிக் குரலை மாற்றிப் பேசிக் காட்டுவார். மகரக்கட்டு வந்த கதைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அடித்ததை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அடிப்பதை நிறுத்தியதுதான் அவருக்குக் காயம். "கடைசி ஒரு மாசம் என்னைய யாரும் திட்டவே இல்லடா" என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது.

ஒன்பது வயதில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு வாத்தியாரின் கவனம் ஒன்றுதான் உலகம். அது அடியாக வந்தாலும் கவனம்தான். அவனுக்கு அதைவிட நல்லதாக வேறு எதுவும் கிடைத்ததில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பின்னாளில் அவனிடம் போய் "அடிச்சது சரியா?" என்று நாம் கேட்கிறோம். அவன் என்ன சொல்வான்? தப்பு என்று சொன்னால் தன் பிள்ளைப் பருவம் மொத்தமும் வீணாகப் போனது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். விரல் வெறுமனே உடைந்துபோன விரல் ஆகிவிடும், மோதிரம் ஆகாது. பெரிய கலைஞர்கள் தங்கள் குருமார்களின் அடியைப் பற்றிச் சொல்கிற நன்றியை நான் பொய் என்று சொல்லவில்லை. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன், அவ்வளவுதான்.

'விப்லாஷ்' என்றொரு அமெரிக்கப் படம் 2014-ல் வந்தது. பார்க்காதவர்கள் பார்க்கலாம். இசைக் கல்லூரியில் டிரம்ஸ் படிக்கும் பையனை அவன் ஆசிரியர் வதைக்கிறார். கன்னத்தில் அறைகிறார், நாற்காலியைத் தூக்கி எறிகிறார். அவர் தன் நியாயமாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சார்லி பார்க்கர் என்ற சாக்ஸபோன் மேதை பையனாக இருந்தபோது ஒரு மேடையில் சொதப்பினான். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் தாளத்தட்டை அவன் தலையைப் பார்த்து எறிந்தார். அந்த அவமானத்தில்தான் பையன் வெறிகொண்டு பயிற்சி செய்து பார்க்கர் ஆனான். தட்டு பறக்காவிட்டால் மேதை இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. 1930-களில் கான்சாஸ் சிட்டியில் நடந்த சம்பவம் அது. பார்க்கருக்குப் பதினாறு வயது இருக்கும். ஜோ ஜோன்ஸ் தட்டை எறிந்தது தலைக்கு இல்லை, காலடியில். "போதும், இறங்கு" என்பதற்கு அடையாளமாக. கூட்டம் சிரித்தது. பையனுக்கு அவமானம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் செய்தது, ஒரு கோடைக்காலத்தில் மலைப்பக்கம் ஒரு விடுதியில் வாசிக்கப் போய், லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கூடவே எடுத்துக்கொண்டுபோய், அவற்றைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. இசைத்தட்டு யாரையும் அடிக்காது. காலடியில் விழுந்த தட்டு கதை சொல்லச் சொல்ல எழும்பித் தலைக்குப் போய்விட்டது. நம் சின்னத் தாத்தாக்களின் கதைகளிலும் தட்டு எவ்வளவு உயரம் எழும்பியிருக்கும் என்று யோசிக்கிறேன். அடித்தவருக்கும் அந்த உயரம் தேவைப்படுகிறது, வாங்கியவருக்கும் தேவைப்படுகிறது.

நம்மிடமே இதைவிடப் பழைய கதை இருக்கிறது. ஏகலைவன். அதைக் குருபக்திக் கதையாகவே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். துரோணர் அவனுக்கு ஒரு பாடம்கூட எடுத்ததில்லை. மண்பொம்மை முன்னால் நின்று அவனே கற்றுக்கொண்டான். மகாபாரதத்தின் மிகச் சிறந்த மாணவனுக்கு வாய்த்த குரு, திட்ட முடியாத, அடிக்க முடியாத ஒரு மண்பொம்மை. நிஜத் துரோணர் வந்ததும் கட்டைவிரல் போனது. அதுவும் வில்வித்தைக்காகப் போகவில்லை. அர்ஜுனனை மிஞ்சி ஒருத்தன் இருக்கக்கூடாது என்ற வாக்கைக் காப்பாற்றப் போனது.

கண்டிப்புக்கும் கொடுமைக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். மாணவன் சரியாகச் செய்துவிடும் அந்த ஒரு நொடியில் வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டும். பாட்டு சரியாக வந்ததே என்று முகம் மலர்ந்தால் அவர் பாட்டுக்காகத்தான் கத்தினார். முகம் சுருங்கி, புதுசாக ஒரு குற்றத்தைத் தேட ஆரம்பித்தால் அவர் கத்தியது வேறு எதற்கோ. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? முகம் சுருங்கினால் தன்மேல்தான் தப்பு என்று நினைக்கும். 2023-ல் சென்னை கலாக்ஷேத்ராவில் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகாரோடு போராட்டத்தில் உட்கார்ந்தபோது, பேசவே இத்தனை காலமா என்று கேட்டவர்கள் உண்டு. குருவின் கோபத்தில், குருவின் விருப்பத்தில் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பப் பழக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அடியைப் பிரசாதமாக வாங்கப் பழக்கிவிட்டால், அதற்குப் பிறகு கையில் எது விழுந்தாலும் அது பிரசாதம்தான்.

இதையெல்லாம் தாண்டி ஒரு கஷ்டமான கேள்வி பாக்கி இருக்கிறது. அடி நிஜமாகவே வேலை செய்திருந்தால்? அந்தக் கொட்டகைகளின் கொடுமை இல்லாவிட்டால் அந்த நடிப்பு வந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன சொல்வது?

என் அப்பா நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். விடியற்காலையில் சாக்கு சாக்காக மல்லி வந்து இறங்கும். ஏலம் போகாமல் நின்ற பூ பத்து மணிக்கெல்லாம் முகம் சுண்டிவிடும். அதன் நஷ்டம் கடைக்காரன் கணக்கில் ஏறாது, வியாபாரி கணக்கிலும் ஏறாது. பறித்துக்கொண்டு வந்தவன் கணக்கு அது. கமிஷன் விற்ற பூவுக்கு மட்டும்தான். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் எனக்கு எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் வாடினது யார் கணக்கு என்று முதலில் தோன்றும். பாய்ஸ் கம்பெனியில் வாடினது பையன்கள் கணக்கு. முதலாளிக்கு வசூல், வாத்தியாருக்குப் பேர், ஊருக்கு நாடகம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அணைப்பட்டி ரோட்டில் விடிய விடிய மணலில் உட்கார்ந்து அந்த ஆர்மோனியத்தைக் கேட்டவன் நான். மடங்கின விரலின் பலனைச் சாப்பிட்டவன். டிக்கெட்டுகூட வாங்கவில்லை.

தன் வாழ்க்கையைக் கலைக்காக எரிப்பது ஒருவனுடைய சொந்த விஷயம். சார்லி பார்க்கர் முப்பத்து நாலு வயதில் செத்தார். எரிந்து போனார், அது அவர் பணம், அவர் செலவழித்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அடுத்தவன் பிள்ளைப் பருவத்தை எடுத்துச் செலவழிக்க யார் அனுமதி கொடுத்தது? அப்பன் கைநாட்டு வைத்தான். பிள்ளை சோற்றுக்கு வந்தது. எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் வறுமையால்தான் கம்பெனிக்குள் போனார்கள். பசியோடு வந்த குழந்தையின் சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு எதிர்ப்பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா. 'வாடிவாசல்' எழுதியவர். விமர்சனத்தில் அவர் கண்டிப்பு பிரசித்தம். சுமாரான எழுத்தை நல்லது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 1959-ல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். நஷ்டத்திலேயே ஓடிய பத்திரிகை. 1962-ல் புதுக்கவிஞர்களைத் தொகுத்துப் 'புதுக்குரல்கள்' கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இளம் எழுத்தாளர்களிடம் அவர் கேட்ட விலை பெரியது. அந்த விலையில் தன் பங்கை அவர் முதலில் தன் கைக்காசிலிருந்து வைத்தார். இவரைக் கண்டிப்பானவர் என்று சொல்வதற்கும் சின்னத் தாத்தாவின் வாத்தியாரைக் கண்டிப்பானவர் என்று சொல்வதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோமே, அது தமிழின் குறையா நம் குறையா தெரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். பதினொரு வயதில் சின்னத் தாத்தாவிடம் ஆர்மோனியம் கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாவது வாரம், ஜண்டை வரிசையில் விரல் மாறி விழுந்ததற்கு அடி ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் ஒன்று வைத்தார். மறுநாள் நான் போகவில்லை. வீட்டில் ஒருத்தரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குச் சோறு இருந்தது, அதனால் போகாமல் இருக்க முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ஞானமும் கம்மி. அடிக்காவிட்டாலும் வித்வான் ஆகியிருக்க மாட்டேன். அதற்கப்புறம் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போவார். ரொம்ப வருடம் கழித்து, உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது, "ஒன்னைய அடிச்சிருக்கப்படாது. எனக்குச் சொல்லிக்குடுக்க வேற வழி தெரியாது" என்றார். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாத்தா" என்று சொன்னேன்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாகக் கட்டுரையிலிருந்து வெளியே போய்விடலாம். பின்னாளில் நான் ஒரு கல்லூரியில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். நான் யார் மேலும் கை வைத்ததில்லை. இரண்டாம் வருடம் படித்த பையன் ஒருவன் நாற்பது பக்க நோட்டில் கவிதை எழுதிக்கொண்டு வந்தான். அப்போது நான் பெரிய விமர்சகன் என்ற நினைப்பில் இருந்த நேரம். செல்லப்பாவின் கண்டிப்பை மட்டும் படித்திருந்தேன், மூட்டையைத் தூக்கியதில்லை. அந்த நோட்டை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வரி வரியாக வாசித்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு நையாண்டி செய்தேன். வகுப்பே சிரித்தது. பையனும் சிரிக்கப் பார்த்தான். தாங்குகிறவன் எழுதட்டும், தாங்காதவன் எழுத லாயக்கில்லை என்று அன்று ஸ்டாஃப் ரூமில் சொன்னதாக ஞாபகம். தட்டை எறிந்தது நான்தான். காலடியிலா தலைக்கா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

போன வருடம் நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு செல்போன் கடைக்காரர் ஓடி வந்து கும்பிட்டார். முகம் சட்டென்று பிடிபடவில்லை. பேர் சொன்னதும் தெரிந்தது. நாற்பதைத் தாண்டியிருந்தான். இப்ப எழுதுறியாப்பா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"எங்க சார்... அதோட விட்டுட்டேன். அன்னைக்கு நீங்க நல்லா ஒறைக்கிற மாதிரி சொன்னீங்க. நல்லதுதான் சார், இல்லாட்டி அதுலயே கெடந்து வீணாப் போயிருப்பேன். இன்னைக்கு ரெண்டு கடை இருக்குன்னா அது நீங்க போட்ட போடுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அந்தக் கவிதைகளில் ஒன்றாவது நன்றாக இருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். என் நையாண்டிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன, அவன் வரி ஒன்றுகூட வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்டால் அவனுடைய இரண்டு கடைக்கும் அர்த்தம் போய்விடுமோ என்று நின்றுவிட்டேன். அதுவும் என் சாமர்த்தியமான சாக்காக இருக்கலாம்.

"சார், ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து இழுத்தான். குடித்தேன். காசு எடுக்கப் போனேன், விடவில்லை. அவன்தான் கொடுத்தான்.